வடை சாப்பிட்டது உண்மைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில், கேரட் விலைக்குக் கீழே, 'அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்த ஆசிரியர்கள்' என்று ஒரு செய்தி வந்தது. செய்தி 4 வரி. படம் மட்டும் பெரிது. அதில் ஆசிரியர்கள் கையில் டீயும் வடையுமாக நிற்கிறார்கள். வடை சாப்பிட்டது உண்மைதான், மறுக்கவில்லை. மகிழ்ந்தார்களா என்று தங்கள் நிருபர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

நடந்தது சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான 2 நாள் பயிற்சி. ஊட்டியில் உள்ள இந்த ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தில் 9 வருடமாக அந்தப் பயிற்சிகளைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் 22 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். எனவே ஆசிரியர்கள் மகிழ்வது எப்படி இருக்கும், பயிற்சியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

தங்கள் நிருபர் தம்பி தேநீர் இடைவேளையில் வந்தார். "மேடம், சீஃப் கெஸ்ட் யாரு?" என்றார். யாரும் இல்லை என்றேன். குத்துவிளக்கு? அதுவும் இல்லை. முகம் வாடிவிட்டது. பொன்னாடை இல்லாத நிகழ்ச்சியில் வடையைத் தவிர வேறு எதைத்தான் படம் எடுப்பார், பாவம். பத்து அடி தள்ளி அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் மேசைமேல் விரித்திருந்த பூத்துக்குளி கண்ணில் பட்டிருக்கும். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் போர்த்தும் அந்தச் சால்வையின் தையல் வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்போது தாங்களே பெரிதாகப் போட்டீர்கள்.

அன்று காலை அந்த ஒரு துணியை வைத்துத்தான் ஒரு மணி நேரம் வேலை. விளக்கச் சீட்டை நான் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஆசிரியர்கள் வந்ததும் முதலில் நோட்டைத்தான் எடுப்பார்கள், சீட்டில் இருப்பதை எழுதிக்கொள்ள. சீட்டு இல்லையென்றதும் கை எங்கே போவதென்று தெரியாமல் நிற்பார்கள். சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நானும் என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிக்கொண்டு போய், சீட்டைப் பார்த்து எழுத வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவள்தான். கண்ணாடிக்குள் இருந்த பொருளை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. அந்தப் பாவத்தைத்தான் 9 வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் கணித ஆசிரியை. சமூக அறிவியல் ஆசிரியரை அனுப்புங்கள் என்று எழுதினால், அன்று யாருக்குப் பாடவேளை குறைவோ அவரை அனுப்பிவைப்பது நம் பள்ளிகளின் நல்ல வழக்கம். அந்த அம்மா மூலையில் உட்கார்ந்தே இருந்தார். அப்புறம் எழுந்து வந்து, துணியில் கை படாமல் குனிந்து, இழைகளை எண்ண ஆரம்பித்தார். "இது கோடு போட்டுத் தைத்தது இல்லை, எண்ணித் தைத்தது" என்றார். உண்மை அதுதான். தோடப் பெண்கள் துணியில் முன்கூட்டி எதுவும் வரைவதில்லை. நெய்த துணியை வெளியில் வாங்கி, ஊடும் பாவும் எண்ணிக்கொண்டே சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்கள். துணியை யார் நெய்தார்கள், எங்கே வாங்கினார்கள், பதிலுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பேச்சு போய், கோத்தர் செய்த பானை, படகர் விளைத்த தானியம், தோடர் நெய் என்று இந்த மலையின் பழைய கொடுக்கல் வாங்கல் முழுவதும் மேசைக்கு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்று 31 பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் வந்ததுதான் அந்த வடை.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மே மாதமும் மலர்க் கண்காட்சி மலரில் 'ஊட்டியைக் கண்டுபிடித்த ஜான் சல்லிவன்' என்று எழுதுகிறீர்கள். நானும் ஒவ்வொரு ஜூன் மாதமும் கடிதம் போடுகிறேன். ஒன்றும் வந்ததில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் இங்கே ஏறி வந்தது 1819. அதற்கு முன்பே 1812-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவைக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். 1603-இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் வந்து தோடர்களிடம் பேசி எழுதி வைத்திருக்கிறார். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசனுடைய 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தோடர் பெயரும் நீலமலை பெயரும் இருப்பது தாங்கள் அறிந்ததே. இத்தனை பேர் குடியிருந்த மலையை எங்கிருந்து கண்டுபிடிப்பது? இந்த நிலம் தோடருடையது என்று தன் அரசாங்கத்திடமே வாதாடியவர் சல்லிவன். தங்கள் மே மாத மலரைப் படித்தால் அவருக்கே கோபம் வரும்.

இது எனக்கு வெறும் வீம்பு அல்ல. பயிற்சியில் 'ஊட்டியின் வரலாறு எப்போது தொடங்குகிறது?' என்று கேட்டால் பாதிப் பேர் 1822 என்பார்கள். சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கிய வருடம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நின்று அப்படிச் சொல்லும் ஆசிரியரை எப்படிக் குறை சொல்வது? அவர் காலையில் படிப்பது தங்கள் நாளிதழைத்தானே.

இரண்டாம் நாள், வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டுவரச் சொல்வோம். குத்துவிளக்கு, உழக்கு, பழைய ரேடியோ என்று வரும். கோத்தகிரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் ஒரு குடும்ப அட்டையை எடுத்து வைத்தார். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை. தாத்தாவுடையதாம். 1964-இல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானதும், அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் பாடப்புத்தகத்தில் வந்தால் ஒரு வரி. அந்த அட்டையில் தாத்தாவுக்கு ஒரு பெருவிரல் ரேகை, பாட்டிக்கு ஒன்று, பிள்ளைகள் பெயர் வரிசையாக. 14 வருட வேலையில் இதை ஒருநாளும் வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை என்றார் அவர். ஏன் என்றேன். "இது வரலாறா மேடம்?" என்றார்.

எங்கள் அருங்காட்சியகத்தில் துரை உட்கார்ந்த நாற்காலிக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, இலங்கையிலிருந்து வந்த டிரங்குப் பெட்டிக்கு இடம் இல்லை. அது எங்கள் தவறு. தங்கள்மேல் போடமாட்டேன்.

தங்கள்மேல் போட வேண்டியது இதுதான். அடுத்த பயிற்சிக்குப் பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பினேன். இரண்டு தலைமை ஆசிரியர்கள் பதிலோடு தங்கள் செய்தியின் நகலை இணைத்திருக்கிறார்கள். 'சுற்றிப் பார்த்து மகிழ்ந்த' என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு. சுற்றுலாவுக்கு ஓ.டி., அதாவது அன்றைய நாளைப் பணி நாளாகக் கணக்கிடும் அனுமதி, தர இயலாதாம். நானும் தலைமை ஆசிரியர்களோடு பழகியவள். ஒரு ஆசிரியரை வெளியே விடாமல் இருக்க அவர்கள் காரணம் தேடுவார்கள் என்று தெரியும். அதை அச்சடித்தே கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஹாலில் உட்கார வைத்து, கருத்தாளர் ஸ்லைடைப் பார்த்துப் படித்து, மாலையில் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சி. எழுந்து நின்று ஒரு பொருளைப் பார்த்தால் அது சுற்றுலா. கூடலூரிலிருந்து வருகிறவர்கள் 50 கிலோமீட்டர் மலைப்பாதையில், விடிகாலைப் பேருந்தில், சொந்தக் காசில் வருகிறார்கள். ஓ.டி. இல்லையென்றால் தற்செயல் விடுப்பு போட வேண்டும். இருக்கிற விடுப்பைச் செலவழித்து வா என்று நான் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மறுப்புச் செய்தி, வருத்தம் எதுவும் வேண்டாம். 'மேற்படி நிகழ்ச்சி ஆசிரியர்களுக்கான பயிற்சி' என்று இரண்டு வரி போட்டால் போதும். கேரட் விலைக்குக் கீழேயே போடுங்கள், தலைமை ஆசிரியர்கள் அந்த இடத்தைத் தவறாமல் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. 20-ஆம் தேதிக்குள் வந்தால் நகல் எடுத்து அந்த இரண்டு பள்ளிகளுக்கும் அனுப்ப எனக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்சிப் பொறுப்பாளர்,
உதகமண்டலம்.

(பெயர் போட வேண்டாம். தங்கள் நிருபருக்கு என்னைத் தெரியும். படத்தில் வடை இல்லாமல் நிற்பது நான்தான்.)