முதலாளிக்காக ஒரு கையெழுத்து

சான்பிரான்சிஸ்கோ
10.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு, முருகேசன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலமும் அம்மா, தேன்மொழி நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு மாதமாக நான் எழுதவில்லை என்று ஒரு வரிகூடத் திட்டாமல், பேப்பரில் வந்த செய்தியை வெட்டி உள்ளே வைத்து, 'இது உன் கம்பெனியா?' என்று கேட்டிருந்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை. போனில் பேசுவதை நீங்கள் கணக்கில் சேர்க்கமாட்டீர்கள் என்று தெரியும்.

அது என் கம்பெனி இல்லை. மாடியில் இருக்கிறானே, பூனையைத் துணிப்பையில் போட்டு மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பவன், அவன் கம்பெனி. ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடி செய்தவர்கள். என் ரசத்தை டம்ளரில் வாங்கி டீ மாதிரி ஊதி ஊதிக் குடிப்பானே, அவனேதான்.

நவம்பர் 17, வெள்ளிக்கிழமை மத்தியானம், கம்பெனியின் இயக்குநர்கள் போர்டு தலைவர் சாம் ஆல்ட்மனை நீக்கியது. அவர் போர்டிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுவதில்லை என்பதற்கு மேல் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே மீரா முராட்டியைத் தற்காலிகத் தலைவராகப் போட்டார்கள். ஞாயிறு ராத்திரி அவரையும் மாற்றி எம்மெட் ஷியர் என்று ஒருவர். செவ்வாய் ராத்திரி, திரும்பவும் ஆல்ட்மனே வருகிறார் என்று அறிவிப்பு. நம் பஞ்சாயத்தில்கூட இந்த வேகத்தில் தலைவர் மாறியதில்லை. நடுவில், சுமார் 770 ஊழியர்களில் 700 பேருக்கு மேல், போர்டு விலகி அவரைத் திரும்ப எடுக்காவிட்டால் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விடுவோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவரை நீக்கிய நான்கு பேரில் ஒருவரான இலியா சட்ஸ்கெவரும் அதில் கையெழுத்து!

'முதலாளிக்காகத் தொழிலாளி வேலையை விடுகிறேன் என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் கொஞ்சம் சிக்கல். 2015இல் லாபநோக்கம் இல்லாத அமைப்பாகத்தான் அதைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர்களுக்குப் பணம் போதாமல் 2019இல் அதற்குக் கீழே லாபம் பார்க்கும் கம்பெனி ஒன்று வைத்தார்கள். கோயில் டிரஸ்ட் கல்யாண மண்டபம் கட்டி வாடகைக்கு விடுகிற மாதிரி. மண்டபம் கோயிலைவிடப் பெரிதாகிவிட்டது. டிரஸ்டிகளின் கடமை மனிதகுலத்துக்கு, லாபத்துக்கு இல்லை என்பது ஏற்பாடு. கம்பெனி அழிந்தாலும் அது நோக்கத்துக்கு ஒத்ததுதான் என்று போர்டு சொன்னதாக, கையெழுத்துப் போட்டவர்களே அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

நோக்கத்துக்கு இங்கே மிஷன் என்பார்கள். நம் மில்லில் ஓடிய மிஷின் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரி என்கிறோமே, அந்த மிஷன். அவன் ஆபீஸ் இருக்கும் பேட்டைக்கும் மிஷன் என்றுதான் பேர்.

அந்த ஞாயிறு ராத்திரி ஒரு மணிக்குப் பூனையோடு வந்து கதவைத் தட்டினான். ரசம் சூடு பண்ணிக் கொடுத்தேன். அவர்கள் பங்குகளை வெளியாருக்கு விற்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம், கம்பெனிக்கு 8,600 கோடி டாலர் மதிப்புப் போட்டு. அதை நம்பி வீடுகூடப் பார்த்து வைத்திருந்தான். கம்பெனி உடைந்தால் எல்லாம் வெறும் காகிதம். "கையெழுத்துப் போட்டுவிட்டேன். மிஷனுக்காகப் போட்டேனா, வீட்டுக்காகப் போட்டேனா என்றுதான் தெரியவில்லை" என்றான்.

அவனை வேஷதாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாடும் ஒரே பக்கம் இழுத்தால் வண்டியை இழுத்தது எந்த மாடு என்று யார் சொல்வது? நீங்கள் 43 நாள் மில் வாசலில் உட்கார்ந்தபோது சங்கம் ஒரு பக்கம் இழுத்தது, எங்கள் பசி மறுபக்கம் இழுத்தது. அம்மாவின் வளையல் முதல்முறை அடகுக்குப் போனது அப்போதுதானே. எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பது ஊருக்கே தெரிந்தது. இவர்களுக்கு அந்தச் சோதனை வரவே இல்லை. போனால் கூட்டமாகப் போய் உட்கார மைக்ரோசாஃப்ட் வாசலைத் திறந்து வைத்திருந்தது. விசாவில் இருக்கிற தனி ஆள் என்றால் கதை வேறு. வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான். (சும்மா தகவலுக்குச் சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை.)

நான் இப்போது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறேன், அதனால் சமையல் நன்றாகவே நடக்கிறது. இங்கே பனி கொட்டாது, ஆனால் ஈரக்குளிர் எலும்புவரை இறங்கும். ஹீட்டர் போட்டால் தலைவலிக்கிறது, போடுவதில்லை. அம்மா பின்னிய ஸ்வெட்டர் போதும்.

கார்த்திகைக்கு மூன்று விளக்கு ஏற்றினேன். புகை மணி அலறி, மாடிக்காரன் ஓடிவந்து துண்டால் விசிறினான். பொரி உருண்டை கிடைக்கவில்லை. மூடுபனி இறங்கும் ராத்திரிகளில் கோல்டன் கேட் பாலத்தில் சங்கு ஊதும். அரைத்தூக்கத்தில் அதை மில் சங்கு என்று நினைத்து, நீங்கள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தத்துக்காகக் காத்துக் கிடப்பேன். அப்புறம் தூக்கம் வராது.

சரி, வீட்டு விஷயம். சாத்தூர் வரனுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். தேன்மொழியிடம் அம்மா இல்லாத நேரத்தில் நீங்களே கேளுங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், பேங்கில் ஏதோ மாற்றம். வளையலைத் திருப்புவது தை வரை பொறுக்கட்டும், வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். அம்மாவிடம் பேங்க் லீவு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தை எனக்கும் அனுப்பியிருக்கிறார். கிணற்றை அவர் பக்கம் விட்டால் ரொக்கமாகவே தருகிறாராம். இந்த நேரத்தில் அந்தத் தொகை எனக்கு உதவும்தான். நான்கு நாளாக மேஜைமேல் கிடக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. செல்வத்துக்கு அதில் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள். வடக்குக் காட்டு உளுந்துக்கு மருந்து அடித்தாயிற்றா?

அன்புடன்,
முருகேசன்