கோடு போட்ட பிறகு கருத்து கேட்டு என்ன பிரயோஜனம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரோடு, பாலம், குப்பைக் கிடங்குன்னு எந்த பெரிய திட்டம் வந்தாலும் "மக்கள்கிட்ட கருத்து கேட்டாச்சு"ன்னு அறிக்கையில ஒரு வரி வந்துடுது. கேட்டாங்களா இல்லையாங்குறது இல்ல என் பிரச்சனை, எப்ப கேட்டாங்கங்குறதுதான்.

நான் போயிருந்த ஒரு கூட்டத்துல சுவத்துல பெரிய மேப் மாட்டியிருந்தாங்க, ரோடு போற வழி ஏற்கனவே செவப்பு கலர்ல அடிச்சாச்சு. ஒரு பாட்டி எழுந்து போய் அந்தக் கோட்டுலயே விரலை வச்சு, "இந்த இடத்துல மழை பெஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்கும், மண்ணைக் கொட்டி மேடாக்குனீங்கன்னா அவ்வளவும் எங்க வீட்டுக்குள்ளதான் வரும்"னாங்க. மேடையில இருந்தவர் "குறிச்சுக்கிறோம்மா, அடுத்தவங்க பேசுங்க"ன்னுட்டார். என்னத்த குறிச்சார், அது எங்க போச்சு, தெரியாது. ஆனா வருகைப் பதிவேட்டுல பாட்டியோட கைநாட்டு இருக்கு, அது மட்டும் பத்திரமா ஃபைல்ல ஏறியிருக்கும்!

இதுல அதிகாரிகளை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, முறையே அப்படித்தான் இருக்கு. இந்தியாவோட 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் பாருங்க, அனுமதிக்கு மொத்தம் 4 கட்டம், அதுல மக்கள் கருத்துக்கேட்பு 3வது. அதாவது இடம் பாத்து, ஆய்வு பண்ணி, வரைவு அறிக்கையும் ரெடியான பிறகுதான் நம்மள கூப்பிடுறாங்க, அந்த நேரத்துல போய் இடத்தை மாத்துங்கன்னா யார் மாத்துவா?

லண்டன்ல பிரெண்ட் பகுதி பள்ளிக்கூடங்களை மூடுறது சேர்க்குறது பத்தி 1985ல ஒரு வழக்கு நடந்துச்சு, கருத்து எப்படி கேக்கணும்ங்குறதுக்கு நாலு விதி அதுலதான் வந்துச்சு. முடிவு இன்னும் உருவாகிட்டு இருக்கும்போதே கேக்கணும், யோசிச்சுப் பேச போதுமான விவரம் குடுக்கணும், போதுமான டைம் குடுக்கணும், சொன்னதை மனசார பரிசீலிக்கணும், இந்த நாலையும்தான் அந்த ஊர் கோர்ட்டுங்க இன்னைக்கும் அளவுகோலா வச்சிருக்கு.

"எல்லாரையும் கேட்டுட்டு இருந்தா ஒரு வேலையும் நடக்காது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு, கூட்டத்துக்கு வர்றது பாதிப்பேர் நேரம் இருக்குறவங்க, மைக்கை பிடிச்சா விடாதவங்க (நானும் அந்த கேஸ்தான்னு வீட்ல சொல்வாங்க), பகல்ல கூட்டம் வச்சா கூலி வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க? ஆனா அது கூட்டத்தை ஒழுங்கா நடத்துறதுக்கான காரணம், நடத்தாம இருக்குறதுக்கு இல்ல. முன்னாடியே கேக்காம விட்டது அப்புறம் கோர்ட்டுல வருஷக்கணக்கா இழுக்குது, அந்த தாமதத்தை மட்டும் யாரும் கணக்குல சேக்குறதே இல்ல.

ஒடிசா நியம்கிரி மலையில பாக்சைட் (அலுமினியம் எடுக்குற கனிமம்) வெட்டலாமான்னு கிராம சபைகள்கிட்டயே கேளுங்கன்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, கேட்டதுல 12 கிராம சபையும் வேண்டாம்னுச்சு, அடுத்த வருஷம் மத்திய அரசும் அனுமதியை மறுத்துடுச்சு. வேண்டாம்னு சொல்றதுக்கு இடம் இருந்துச்சு, அதனால அது கலந்தாலோசனை.

நான் கேக்குறது சின்ன விஷயம்தான். மேப்ல கோடு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிடுங்க. கூட்டம் முடிஞ்ச பிறகு யார் என்ன சொன்னாங்க, அதை ஏத்துக்கிட்டீங்களா, இல்லைன்னா ஏன்னு எதிர்ல எழுதி அதே சுவத்துல ஒட்டுங்க. பாட்டிக்குப் படிக்கத் தெரியாட்டியும் பேரன் படிச்சு சொல்லுவான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்