அபிசீனியா சார்

அடிஸ் அபாபா, எத்தியோப்பியா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? சார் போய்விட்டார் என்று நீ போனில் சொன்னபோது பஸ்ஸில் இருந்தேன், சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ராயபுரத்தில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, அபிசீனியா சார்தான். அபிசீனியா என்று பழைய பெயர் கொண்ட இந்த எத்தியோப்பியாவில் வாத்தியாராக இருந்து, 1974இல் ஹெய்லி செலாசி ராஜாவை இறக்கிய கலாட்டாவில் ஊர் திரும்பியவர். அப்புறம் ஜாம்பியாவுக்கும் போய் வந்தார். அபிசீனியாவில் வருஷத்துக்கு 13 மாசம், காலை ஏழு மணியை ஒரு மணி என்பார்கள் என்று பூகோள வகுப்பில் சொல்வார். கடைசி பெஞ்சிலிருந்து நாங்கள் "உடான்ஸ்" என்போம்.

உடான்ஸ் இல்லை, அக்கா. வந்த வாரமே வீட்டுக்காரம்மா மூன்று மணிக்கு வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னார். மத்தியானம் மூன்றுக்குப் போய் நின்றேன். அவர் காலை ஒன்பதிலிருந்து காத்திருந்தாராம்! விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். ஆறு கூட்டிக்கொள் என்று சார் போர்டில் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்.

வேலை பரவாயில்லை. ஊட்டியைவிட உயரமான ஊர், குளிர்தான். இஞ்சேரா என்று ஒன்று, புளித்துப்போன மாவில் ஊற்றிய தோசை என்று வைத்துக்கொள். மேலே ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். பழகிவிட்டது. மீனுக்குத்தான் நாக்கு ஏங்குகிறது. காசிமேட்டு மீன் தின்று வளர்ந்தவனுக்குக் கடலே இல்லாத நாடு வாய்த்திருக்கிறது, பார்.

நேற்று பக்கத்து வீட்டுப் பெரியவர் காபிக்குக் கூப்பிட்டார். பச்சைக் கொட்டையை நம் எதிரிலேயே வறுத்து, இடித்து, மண் ஜாடியில் காய்ச்சி மூன்று சுற்று தருவார்கள். லேசில் எழுந்து வர முடியாது. இந்தியா என்றதும், "எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே ஒரு இந்தியர்தான்" என்று நம் மாதிரி தலையை ஆட்டிக் காட்டினார். இங்கே வயசானவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள். ராஜா காலத்தில் அத்தனை வாத்தியார்களை நம் நாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று ஆவலாகக் கேட்டேன். ஜிம்மா என்றார். நம் சார் இருந்தது கோண்டார். சரி, விடு.

காபி ஊற்றிய கிண்ணத்தைப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. பிடி இல்லாத குட்டிப் பீங்கான் கிண்ணம். சார் வீட்டு அலமாரியில் ஒன்று இருந்ததே, சொப்புச் சாமான் என்று எடுத்து விளையாடி நீ திட்டு வாங்கினாயே, அதே.

பதினாறாம் நாளுக்குப் போவாய் அல்லவா? அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார். அவர் வீட்டம்மாவிடம் கேட்காதே, பார்த்துவிட்டு மட்டும் எழுது.

இப்படிக்கு,
தம்பி