குடோனை அளந்தது போதும், அடுப்படிக்கும் வாங்க

உணவுக் கணக்கு எடுக்கிற அதிகாரிங்க எல்லாருக்கும் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்துல இருந்து வணக்கம்.

2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை நடந்தப்ப நாட்டுல தேவைக்கு மேல தானியம் இருக்கு, யாரும் பயப்பட வேண்டாம்னு மத்திய உணவு அமைச்சர் சொன்னாவ. சந்தோசம். இருப்பு இருந்துச்சு, அதுல எங்களுக்குச் சந்தேகமே கெடையாது. ஆனா குடோன்ல இருந்து எங்க உலைக்கு வந்து சேருதான்னு யாரு அளக்கா? அதைத்தான் கேக்கோம்.

எங்க தெருவுல ஒரு ஆச்சி சின்னப் பிள்ளையில இருந்து பீடி சுத்துதாவ. சுத்திச் சுத்தி விரல்ல ரேகையே இல்ல, வழுவழுன்னு இருக்கு. ரேசன் கடை மிஷின்ல வச்சா பிடிக்கவே மாட்டேங்கு. துடைச்சிட்டு வைங்க ஆச்சி, மத்த விரல வைங்க ஆச்சி, கண்ணக் காட்டுங்க ஆச்சின்னு, பின்னால நிக்கிறவங்க முனங்க முனங்க போன மாசம் ஒரு வழியா பிடிச்சிருச்சு. அரிசியப் போட்டாச்சு. பருப்பும் பாமாயிலும் லோடு வரல, வெள்ளிக்கிழமை வாங்கன்னுட்டாவ. ஆச்சி வீடு வந்து சேருமுன்ன பேரன் போனுக்கு மெசேஜ் வந்துட்டு: அரிசி, துவரம்பருப்பு, பாமாயில் எல்லாம் வாங்கியாச்சாம்! அந்த வெள்ளிக்கிழமை இன்னைக்கு வரைக்கும் வரல. கடையில பருப்பு விக்கிற விலைக்கு பீடிச் சம்பளம் காணுமா, புளித்தண்ணியும் துவையலுமா ஓட்டுதாவ. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஆச்சி வீட்டுல சாம்பார் கொதிக்கு.

சண்டை எங்கயோ நடந்தாலும் அடி எங்க சட்டியிலதான் விழும். 2022ல உக்ரைன்ல குண்டு விழவும் இங்கன சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறுச்சே, அப்ப குடோன்ல அரிசி இல்லாமலா போச்சு? சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்துதானே வாங்குதோம், அதுக்கு எந்த அரிசி மூட்டையக் காட்டுவீங்க. 1943 வங்காளப் பஞ்சத்துலயும் இதே கததான். பஞ்சம் வராத 1941-ஐ விட அரிசி ஒண்ணும் கொறஞ்சு போகலன்னு பொருளாதார மேதை அமர்த்தியா சென் பொறவு கணக்குப் போட்டுக் காட்டுனார். யுத்தத்துல விலை ஏறுச்சு, கூலி ஏறல, கூலிக்காரனும் மீன்பிடிக்காரனும்தான் முதல்ல செத்தான். 30 லட்சம் பேர் வரைக்கும் போய்ச் சேந்தாவ, வெள்ளைக்காரன் கடைசி வரைக்கும் பஞ்சம்னு சட்டப்படி அறிவிக்கவே இல்ல.

அளக்க முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. காசாவுல 2025ல குண்டுக்கு நடுவுல நின்னு சுகாதார ஊழியருங்க பிள்ளைங்க மேல்கையில நாடாவச் சுத்தி அளந்தாவ, சுத்தளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ போச்சுன்னா செவப்பு, பிள்ளை பசியில ரொம்ப மெலிஞ்சிட்டுன்னு அர்த்தம். குடும்பங்கள்ட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாவ, சாவயும் கணக்குல எடுத்தாவ. அப்படி அளந்துதான் 2025 ஆகஸ்ட் 22ல ஐ.நா. ஆதரவு நிபுணருங்க காசா நகரத்துப் பக்கம் பஞ்சம்னு சொன்னாவ. அதுலயும் ஒரு கொடுமை, பத்தாயிரம் பேருக்கு ரெண்டு பேராவது தினமும் பசியால செத்தாதான் பஞ்சம்ங்கிற பேரே குடுப்பாவளாம், அதுக்குள்ள எத்தன போயிருக்கும். அதனாலதான் முன்னாடியே அடுப்படியில அளங்கன்னு சொல்லுதோம்.

நம்ம உணவுப் பாதுகாப்புச் சட்டம் எத்தன பேருக்குன்னு இன்னும் 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்ப வச்சுத்தான் ஓடுது. அந்தக் கணக்கு முடிஞ்ச கையோட பொறந்த பிள்ளைக்கு இப்ப மீசை அரும்புது, உங்க கணக்குல அவன் இன்னும் பொறக்கவே இல்ல. நல்லா இருங்க!

கோவத்துல கூடக்கொறைய எழுதியிருந்தா பொறுத்துக்கிடுங்க. பெருசா ஒண்ணும் கேக்கல. மாசத்துக்கு ஒரு தடவ ஊருக்கு நாலு வீட்டுக்கு ஆள் அனுப்பி, இந்த ஏழு நாள்ல எத்தன நாள் பருப்பு வச்சீங்க, எத்தன நாள் எண்ணெய் ஊத்துனீங்க, எந்த வேளைய விட்டீங்கன்னு பொம்பளைங்கள்ட்ட கேட்டு, அதையும் குடோன் கணக்குக்குப் பக்கத்துலயே போடுங்க. சண்டை வந்த பொறவு இல்ல, இப்பமே. மிஷின்ல சாமான் கைக்கு வந்த பொறவு மட்டும் மெசேஜ் போற மாதிரி மாத்துங்க. ஆச்சிக்குப் போன மாசம் பருப்பு குடுத்ததா ஏத்தி வச்சிருக்கீங்கல்ல, தயவுசெஞ்சு அதை அழிச்சிருங்க, இல்லன்னா பருப்பக் குடுத்திருங்க.