சின்னவனின் குளிசைகள் பற்றி அக்காவுக்கு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
பங்குனி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. அத்தான் வெள்ளாமை வெட்டி முடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

போன கிழமை சின்னவனைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் மனதில் கிடந்து குடைகிறது. மலத்தோடு இரத்தம் போவது நின்றுவிட்டது என்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற அந்தக் குடல் வருத்தத்துக்குத் தந்த எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டானாம். முகம் ஊதிப்போய்விட்டதென்று கம்பஸில் பெடியன்கள் பகிடி பண்ணினார்களாம். மாமி வேறு, "வருத்தம் மாறிட்டுத்தானே, பிறகென்ன மருந்து" என்கிறாவாம். போனில் கதைத்தால் நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ஓம், ஓம்" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இருந்து வாசியுங்கள். வாசித்துவிட்டு அவனிடமும் கொடுங்கள்.

நீங்கள் வாசித்துக் காட்டிய பெயர்களின்படி அவனுக்குக் கொடுத்தது இரண்டு மருந்து. ஒன்று பிரட்னிசலோன் என்கிற ஸ்டீரொயிட். முகத்தை ஊத வைப்பது, அகோரமாகப் பசிக்க வைப்பது, இரவில் நித்திரையைக் கெடுப்பது எல்லாம் அதுதான். அது கொஞ்சக் காலத்துக்கு மட்டும் கொடுக்கிற மருந்து, நிறுத்தியபின் முகம் பழையபடி வந்துவிடும். ஆனால் அதைத் திடீரென்று விடக்கூடாது. உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீரொயிட், இந்தக் குளிசையை எடுக்கிற காலத்தில் குறைந்துபோய்விடும். அதனால்தான் டொக்டர் கிழமைக்குக் கிழமை அளவைக் குறைத்து எழுதித் தருவார். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்று, சத்தி, மயக்கம் எல்லாம் வரலாம், ஆபத்தாகவும் முடியலாம். இந்தக் கடிதம் வரும்வரை பார்த்திருக்காமல் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நேற்று வட்ஸ்அப்பில் போட்டேனே, போனானா?

மற்றது மெசலசீன். அது முகத்தை ஒன்றும் செய்யாது. அதுதான் நாள் தவறாமல் எடுக்கவேண்டியது, அதுவும் சுகமாக இருக்கிற காலத்தில். வயலில் புல் தெரியவில்லை என்று அத்தான் வயல் பக்கம் போகாமல் விடுவாரா? இரத்தம் நின்றதென்றால் மருந்து வேலை செய்கிறது. வருத்தம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குளிசையோடு பின்பக்கத்தால் வைக்கிற மருந்தும் தந்திருந்தால் வெட்கப்பட்டு அதை அலுமாரியில் ஒளித்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வருத்தம் தொடங்குகிற இடமே மலவாசலுக்குச் சற்று மேலேதான், அந்த மருந்து நேரே அங்கேயே போய்ச் சேருகிறது.

எனக்கும் இதே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது என்னவென்று நானும் விளங்கச் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. நம் வீட்டில் வெளிக்குப் போகிற கதையை யார் விரும்பிக் கதைப்பார்கள்? பெருங்குடலின் உட்தோலை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. தோல் சிவந்து, புண்ணாகி, இரத்தமும் சளியும் போகிறது. சிலருக்குக் கீழே கொஞ்ச இடத்தோடு நிற்கும், சிலருக்கு இடைவெளி விடாமல் மேலே ஏறிக் குடல் முழுவதும் பரவும். பார்த்தால் மூலவியாதி போலவும் வயிற்றுளைவு போலவும் இருக்கும். அதனால்தான் மலத்தைச் சோதித்து, கிருமி இல்லை என்று கண்டு, பிறகு குழாய் விட்டுப் பார்த்து, துளித் தசை எடுத்து அனுப்புகிறார்கள். அவனுக்கு மட்டக்களப்பில் செய்தது அதுதான்.

ஏன் வருகிறது என்று ஒரே காரணத்தை எந்த டொக்டரும் சொல்லமாட்டார். பரம்பரைக்கும் பங்குண்டு, குடலில் இருக்கிற கிருமிகளுக்கும் பங்குண்டு, வாழ்கிற சூழலுக்கும் பங்குண்டு. நான் இங்கே, அவன் அங்கே, இரண்டு பேருக்கும் ஒன்றே வந்ததில் அதிசயமில்லை, ஒரே இரத்தம்தானே. கம்பஸ் கன்டீன் சாப்பாட்டாலும் வரவில்லை, மிளகாயாலும் வரவில்லை. இது தொற்றாது அக்கா. மாமி அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாகக் கழுவித் தனியாக வைக்கிறா என்றீர்களே, அதைக் கேட்டுத்தான் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அவவிடம் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்ற கதையும் வந்ததாம். வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைக்கிற ஊரென்று பெயரெடுத்த ஊர், அந்தக் கதை வராவிட்டால்தான் ஆச்சரியம். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு நேர்ந்திருக்கிறீர்கள், நல்லது, என் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்யுங்கள். குளிசையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகட்டும்.

இங்கே என் சீவியம் எப்படி என்று கேட்டீர்கள். வயோதிபர் இல்லத்தில் வேலை. கிழவிகளைக் கைபிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போய், கழுவி, உடுப்பு மாற்றி விடுகிற எனக்கே அவர்களுக்கு முதல் ஓடவேண்டிய நாட்கள் உண்டு. வருத்தம் கிளம்பினால் "வருகுது" என்று தெரிந்த பிறகு இரண்டு நிமிசம் கூடக் கிடைக்காது. மேலாளரிடம் முதலே சொல்லி வைத்தேன். சமத்துவச் சட்டம் என்று 2010இல் வந்த ஒன்று இருக்கிறது. நீண்டகால வருத்தத்தால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலையிடம் நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. அதனால் நான் கேட்காமலே இடையில் எழும்பிப் போகலாம், இரவு வேலைக்கும் போடுவதில்லை.

வெளியில் போவதுதான் பாடு. நிலத்தடி ரயிலில் எத்தனையோ நிலையங்களில் கக்கூசே இல்லை. இருக்கிற நிலையங்களைக் காட்ட ரயில்காரர் தனியாக ஒரு வரைபடமே போட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்கள். ஊனமுற்றோருக்கான கழிப்பறைகளைத் திறக்க ரேடார் சாவி என்று ஒன்று விற்கிறார்கள். நம் வீட்டுப் பெட்டகச் சாவியளவு தடித்த வெள்ளிநிறச் சாவி, பையில் போட்டால் அடியில் போய்க் கிடந்து கிணுகிணுக்கும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கதவுகளுக்கு அந்த ஒரே சாவிதான். ஒருநாள் நான் உள்ளே போய் வர, வெளியே நின்ற மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தா. நடந்துதானே வருகிறேன், கைத்தடியும் இல்லை! இப்போது பெரிய கடைகளில், எல்லா ஊனமும் கண்ணுக்குத் தெரியாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

சோதனைக்கு மலத்தைச் சின்னப் போத்தலில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதன்முதல் கொண்டுபோனபோது கண்ணை நிலத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். வரவேற்பில் இருந்த பிள்ளையோ பிறந்தநாள் பரிசு வாங்குவது போலச் சிரித்து வாங்கினாள். கால்ப்ரொடெக்டின் என்ற ஒரு புரதத்தை அதில் அளக்கிறார்கள். 50க்குக் கீழே என்றால் நிம்மதி, 250க்கு மேலே போனால் குடலுக்குள்ளே அழற்சி இருக்கிறது என்று எண்ணம். எனக்கு மெசலசீன் மட்டும் போதாமல் போனதால் இப்போது 8 கிழமைக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். சாய்கதிரையில் இருந்து, கையில் ஊசி குத்தி, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அது எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்குகிற மருந்து என்பதால், தொடங்குமுன் சயரோகமும் ஈரல் கிருமியும் இல்லை என்று பார்த்தார்கள். அதற்குக் காசில்லை. மற்றக் குளிசைகளுக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9 பவுண் 90 பென்ஸ், நான் வருசத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடுகிறேன். சின்னவனுக்கு இந்த அளவுக்குப் போகாமலே இருக்கலாம். பலருக்கு மெசலசீனோடேயே அடங்கி நிற்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஊரெல்லாம் ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். பொதுவாக இதுதான்: வருத்தம் கிளம்பிய நாட்களில் சக்கை குறைந்த, உறைப்புக் குறைந்த சாப்பாடு. வெள்ளைச் சோறு, கஞ்சி, வாழைப்பழம், மிளகாய் போடாத மீன் சொதி. முருங்கையிலை, பலாக்கொட்டை, கூனிச் சம்பல் எல்லாம் அப்போது வேண்டாம். அடங்கினபிறகு எல்லாம் சாப்பிடலாம். எருமைத் தயிர் ஒத்துக்கொண்டால் அதையும் விட வேண்டாம். எனக்குக் கத்தரிக்காய் ஒன்றும் செய்யாது, பயறு என்றால் வயிறு குழம்பும். அவனுக்கு வேறாக இருக்கும், அவனே எழுதி வைத்துப் பார்க்கட்டும். பஸ்ஸுக்குப் பயந்து வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்தாறுமூலைக் கம்பஸ் வரை போகிறான் என்றீர்களே, அது மட்டும் வேண்டாம். வயிற்றோட்டத்தில் தண்ணீரும் உப்பும் இழந்தவன் பட்டினியும் கிடந்தால் இன்னும் சோர்வான். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி, போய்விட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கட்டும். பையில் மாற்று உடுப்பு ஒன்று இருந்தால் பாதிப் பயம் போய்விடும். டொக்டரிடம் கடிதம் வாங்கி விரிவுரையாளரிடமும் கொடுக்கச் சொல்லுங்கள். பெடியன்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முழங்கால் நோவென்று பாமசியில் டைக்குளோபினாக், புரூபன் வாங்கிப் போட வேண்டாம், சிலருக்கு அது வருத்தத்தைக் கிளப்பிவிடும். பனடோல் போதும். மூட்டு நோவும் கண் சிவப்பும் இந்த வருத்தத்தோடேயே வரலாம், வந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். ஒருநாளில் 6 தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் வந்தாலோ, வயிறு ஊதி நொந்தாலோ, விடியட்டும் என்று பார்த்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரியில் விடுங்கள். பரியாரியின் மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கலியாணக் கதையை மாமி இப்போதே எடுக்கத் தேவையில்லை. அவனுக்கு 20 வயது. இந்த வருத்தக்காரர் கட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலை செய்து பென்சனும் எடுக்கிறார்கள். வருத்தம் தொடங்கி 8 வருசம் ஆன பிறகு குழாய் விட்டு ஒருமுறை வடிவாகப் பார்க்க வேண்டும், குடலில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் கூட என்பதால். அதை ஒரு துண்டில் எழுதி அவனுடைய கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

மருந்துத் துண்டை, எத்தனை மில்லிகிராம் என்பது தெரிகிற மாதிரிப் படமெடுத்து அனுப்புங்கள். வெளியில் வாங்கச் சொல்லி எழுதினால் கடன் வாங்க வேண்டாம், மாதக் கடைசியில் காசு போடுகிறேன். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். குளிசையை எப்போது நிறுத்தலாம் என்று அவனே டொக்டரிடம் கேட்கட்டும்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உங்கள் தங்கச்சி