புல்மன் நகரிலிருந்து ஒரு ரயில்வேக்காரனின் கடிதம்

சிகாகோ

அன்புத் தோழா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி வந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை முடிந்துவிட்டதா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இங்கே மகள், மாப்பிள்ளை எல்லோரும் நலம். பேத்தி தமிழிலேயே என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். குளிர்தான் தாங்கவில்லை. மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் காது மடல் மரத்துப் போகிறது.

மே தினம் பிறந்த ஊரில் அதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். லீவு கிடையாது, தோழா. மே முதல் தேதி இங்கே சாதாரண வேலை நாள். சில சங்கங்களும் குடியேறிகளின் அமைப்புகளும் ஊர்வலம் போகின்றன. 2006-இல் மட்டும் குடியேறிகளின் உரிமைக்காக லட்சக்கணக்கான ஜனங்கள் மே 1 அன்று தெருவை நிறைத்தார்கள். அரசாங்கத்தின் தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கள்கிழமை. அது ஏன் செப்டம்பருக்குப் போனது என்பதில் ரயில்வேக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அதற்கு வருகிறேன்.

மே தினத்துக்குக் காரணமான ஹேமார்க்கெட் சதுக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். டெஸ்பிளெய்ன்ஸ் தெருவில், நடைபாதையை ஒட்டி, ஒரு கட்டை வண்டியும் அதன்மேல் நின்று பேசும் மனிதர்களுமாக ஒரு சிற்பம் இருக்கிறது. 2004-இல் வைத்தது. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின்போது, 1886 மே 4 இரவு பேச்சாளர்கள் அப்படி ஒரு வண்டிமேல் ஏறி நின்றுதான் பேசினார்கள். மழை வரும்போல் இருந்ததால் கூட்டம் கலையத் தொடங்கிய நேரத்தில் போலீஸ் வந்தது, குண்டு விழுந்தது. வீசியது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் எட்டுப் பேர்மேல் வழக்கு. ஸ்பீஸ், பார்சன்ஸ், ஃபிஷர், ஏங்கல் நால்வரையும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிட்டார்கள். ஒருவர் அதற்கு முன்பே சிறையில் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்த மூவரை 1893-இல் இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்தார். விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று அவர் பகிரங்கமாக எழுதினார். அவருடைய அரசியல் வாழ்வு அதனாலேயே அடிபட்டது. இப்படி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். பல நாட்டுச் சங்கங்கள் அந்தப் பீடத்தில் பட்டயம் பதித்திருக்கின்றன. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினச் செங்கொடி ஏற்றியதை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

இதெல்லாம் நாம் சங்க வகுப்பிலேயே கேட்ட கதை. நமக்கு யாரும் விரிவாகச் சொல்லாத இன்னொரு கதை இந்த ஊரின் தெற்குக் கோடியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

ரயில் பிடித்து 111-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் புல்மன். ஜார்ஜ் புல்மன் தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டிகள் செய்து பெரும் பணக்காரர் ஆனவர். 1880-இல் தொழிற்சாலையோடு சேர்த்து ஒரு ஊரையே கட்ட ஆரம்பித்தார். சிவப்புச் செங்கல் வரிசை வீடுகள், கடைவீதி, தேவாலயம், நூலகம், மகளின் பெயரில் ஃபிளாரன்ஸ் ஓட்டல். வீடுகளில் தண்ணீர்க் குழாய் இருந்தது, தெருக்கள் துப்புரவாக இருந்தன. அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு அது சொர்க்கம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் ஒரு வீட்டைக்கூட யாரும் விலைக்கு வாங்க முடியாது, எல்லாமே கம்பெனிக்கு வாடகை. ஃபோர்மேனுக்கும் சாதாரணத் தொழிலாளிக்கும் வீட்டின் அளவே வேறு. அந்தத் தெருவில் நடக்கும்போது நம் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைகள் கண்முன்னே வந்தன. இன்னும் அந்த வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2015-இல் ஒபாமா அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். மணிக்கூண்டுக் கட்டடம் 1998-இல் தீவைப்பில் எரிந்துபோனது. திருத்திக் கட்டி அதில் காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

1893-இல் நாட்டில் பெரிய பொருளாதார நெருக்கடி. புல்மன் கூலியைச் சராசரியாகக் கால் பங்கு வெட்டினார். வாடகையில் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை. வாடகை போகக் கையில் வருவது சில்லறைதான். கேட்கப் போன குழுவில் இருந்தவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1894 மே 11 அன்று வேலைநிறுத்தம். வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் என்ன செய்யும் என்று 74 மே ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பார்த்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யூஜின் டெப்ஸ் தலைமையில் அமெரிக்க ரயில்வே யூனியன் துணைக்கு வந்தது. ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி கோத்த எந்த வண்டியையும் தொட மாட்டோம் என்றார்கள். சிகாகோதான் இந்த நாட்டு ரயில் பாதைகள் எல்லாம் வந்து முட்டும் சந்திப்பு. இங்கே நின்றால் மேற்கு முழுக்க நிற்கும், நின்றது. தபாலுக்குத் தடை என்று காரணம் காட்டி ஜனாதிபதி கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பினார். ஆல்ட்கெல்ட் எதிர்த்தும் கேட்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள், டெப்ஸ் சிறைக்குப் போனார். செப்டம்பர் தொழிலாளர் தினத்துக்கான சட்டத்தில் கிளீவ்லாந்து கையெழுத்துப் போட்டது ஜூன் 28, வண்டிகளை மறிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள். புல்மன் 1897-இல் இறந்தபோது, தொழிலாளிகள் சடலத்தைத் தோண்டிவிடுவார்கள் என்று பயந்து, கான்கிரீட் கொட்டித் தண்டவாளங்களைக் குறுக்கே போட்டுப் புதைத்தார்கள். எந்த மனிதனும் தன் கூட வேலை செய்தவர்களுக்குப் பயந்து அப்படிப் போய்ச் சேரக் கூடாது.

இதுவரை நீ ஊகித்திருப்பாய். என்னைத் தூங்கவிடாதது அடுத்தது. வண்டிகளை மறிக்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு நடந்த மாநாட்டில், கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதா என்று அந்த யூனியன் ஓட்டெடுத்தது. டெப்ஸ் சேர்க்க வேண்டும் என்று மன்றாடினார். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். புல்மன் பெட்டிக்குள் படுக்கை விரித்து, செருப்புத் துடைத்து, இரவெல்லாம் கண் விழித்த போர்ட்டர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர். அந்தப் பெட்டிகளுக்காக நடந்த போராட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை!

அந்தப் போர்ட்டர்கள் மாதம் 400 மணி நேரம் உழைத்தார்கள். சொந்தப் பெயர் எதுவானாலும் பயணிகள் 'ஜார்ஜ்' என்று முதலாளி பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அடிமையை எஜமான் பெயரால் அழைத்த பழக்கம். ஆனால் அவர்கள்தான் இந்த ஊரையே மாற்றினார்கள். ராபர்ட் அபட் 1905-இல் இங்கே 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையைத் தொடங்கினார். தெற்கு மாநிலங்களில் அதைப் பகிரங்கமாக விற்க முடியாத ஊர்கள் உண்டு. போர்ட்டர்கள் கட்டுக் கட்டாக வண்டியில் கொண்டுபோய்ப் போகும் வழியில் சேர்த்தார்கள். வடக்கே வேலை இருக்கிறது, வாருங்கள் என்ற செய்தி அதில் போனது. மிசிசிப்பியிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறி ஜனங்கள் வந்து இறங்கினார்கள். 1910-இல் இந்நகரின் கறுப்பின மக்கள் சுமார் 44,000 பேர். 1930-இல் 2,34,000. 1943-இல் அதே மிசிசிப்பிப் பருத்திக் காட்டிலிருந்து வந்த மடி வாட்டர்ஸ், இரைச்சலான மதுக்கடைகளில் தன் பாட்டு கேட்கவேண்டும் என்று மின்கிதார் எடுத்தார். சிகாகோ ப்ளூஸ் என்று உலகம் கொண்டாடுவதில் ஒரு பெரும்பகுதி அப்படி ரயிலில் வந்ததுதான்.

வந்தவர்களை ஊர் அணைத்துக்கொள்ளவில்லை. இறைச்சித் தொழிற்சாலைகளில் முதலாளிகள் கறுப்பினத்தவரை வேலைநிறுத்தத்தை உடைக்கப் பயன்படுத்தினார்கள், வெள்ளைத் தொழிலாளிகள் அவர்களையே பகைவராகப் பார்த்தார்கள். 1919 ஜூலை 27, கடும் வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் ஏரியில் மிதந்தபடி, தண்ணீரில் யாரும் போடாத ஒரு கோட்டைத் தாண்டி வெள்ளையர் பக்கம் போய்விட்டான். கரையிலிருந்து கல் வீசினார்கள், முழுகிச் செத்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள், 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். பேத்தியைக் கூட்டிக்கொண்டு அதே ஏரிக்கரைக்குப் போகிறேன். எல்லா நிறப் பிள்ளைகளும் ஒன்றாக மணலில் விளையாடுகிறார்கள். அந்தப் பையனின் வயது எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

திருத்தம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. போர்ட்டர்கள் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் சொந்தச் சங்கம் கண்டார்கள். 12 ஆண்டு விடாமல் நின்று 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாத வேலை 240 மணியாகக் குறைந்தது. அதே காலத்தில் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் கறுப்பர், வெள்ளையர் இருவரையும் சேர்த்தே சங்கம் கட்டினார்கள், அதன்பிறகுதான் அங்கே ஜெயித்தார்கள். 1955-இல், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுத்த இ. டி. நிக்சன் புல்மன் போர்ட்டர், போர்ட்டர்கள் சங்கத்தில் பழகி வந்தவர். 1894-இல் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் இந்த ஊர் எத்தனை சாவுகளைத் தவிர்த்திருக்கும் என்று யோசிக்க யோசிக்க ஆறவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளிகளைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று நம் பையன்கள் இரண்டு பட்டு நிற்பதாக எழுதியிருந்தாயே, சேர்த்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. செப்டம்பர் 5 பொன்மலைத் தியாகிகள் கூட்டத்தில் உன்னைப் பேசச் சொன்னால், அந்த 1894 ஓட்டெடுப்பை அவர்களிடம் விவரமாகச் சொல். நான் சொன்னதாக வேண்டாம், நீயே உன் பாஷையில் சொல், நன்றாக எடுபடும். புல்மனில் எடுத்த படங்களை உன் பேரன் போனுக்கு அனுப்புகிறேன். கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள், பையன்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

என்றும் உன்,
பழைய ஷாப் தோழன்