நீ தோண்டியது ஆறு இல்லை, கால்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு நீ கம்ப்யூட்டர் கேமில் நீயே வரைந்து காட்டின கோல்ஃப் மைதானத்தைப் பற்றித்தான், அதில் நீ ஓடவிட்ட ஆற்றைப் பற்றித்தான், இந்தக் கடிதம். நேரில் சொன்னால் ஹெட்போனைக் கழற்ற மாட்டாய். அதனால் ஊரறிய இங்கே எழுதுகிறேன்.

கோல்ஃப் எனக்குத் தெரியாது. கிண்டியிலும் நந்தனத்திலும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் ஆறு தெரியும். எண்ணூர் கழியில் இடுப்பளவு தண்ணீரில் மட்டி பொறுக்கி வளர்ந்தவன் உன் சித்தப்பன்.

மரமும் மணல்குழியும் பிரமாதம். ஆறுதான் ஒட்டவில்லை. கேமில் பள்ளம் தோண்டுகிற பிரஷ்ஷை ஒரே அளவில் வைத்து, கையெடுக்காமல் பாம்பு மாதிரி இழுத்துவிட்டாய். அகலம் முழுக்க ஒன்று, இரண்டு கரைக்கும் ஒரே சரிவு. நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் அப்படி இருக்கலாம்; படகு விட மனுஷன் வெட்டினது அது, 1806-லேயே எண்ணூர் வரை வந்துவிட்டது. அதே எண்ணூரில் கடலில் சேருகிற கொசஸ்தலை ஆற்றை யாரும் வெட்டவில்லை. அதன் எந்த வளைவில் நின்று பார்த்தாலும் ஒரு கரை மாதிரி இன்னொரு கரை இருக்காது.

ஏன் என்று ஒரு டீ கிளாஸ் சொல்லும். தூள் கிடக்கிற டீயைக் கரண்டியால் கலக்கிவிட்டு நிறுத்திப் பார். தூள் ஓரத்துக்குப் போகாது, அடியில் நடுவிலே வந்து குவியும். ஐன்ஸ்டீன் 1926-ல் ஆற்றின் வளைவை விளக்க இதைத்தான் எடுத்துக்கொண்டார். வளைவில் மேல்தண்ணீர் வெளிக்கரையில் போய் மோதும்; அடித்தண்ணீர் மணலை உருட்டிக்கொண்டு உள்கரைப் பக்கம் திரும்பும். அதனால் வெளிக்கரை அரிந்து செங்குத்தாக நிற்கும், அதன் காலடியில்தான் ஆழம். உள்கரையில் மணல் படிந்து மெதுவாகச் சரியும். பறியை, அதாவது ஓலைக் கூடையை, வாயில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் காலிலேயே இருக்கிறது.

ஆகவே இரண்டு கரைக்கும் ஒரே பிரஷ் கூடாது. வெளிக்கரைக்குச் சின்னது, ஓரம் கூர்மையாக. உள்கரைக்குப் பெரியது, அழுத்தம் குறைவாக, நாலைந்து தடவை. ஒரு வளைவு முடிந்து எதிர்வளைவு தொடங்குகிற இடத்தில் ஆழம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறும். அங்கே தரையைக் கொஞ்சம் மேடாக்கு. ஜனங்கள் இறங்கிக் கடக்கிற இடம் அதுதான். பாலம் வைப்பதானால் அங்கே வை.

இன்னொன்று, உன் வளைவுகள் ரொம்ப நெருக்கம். ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கிறது. அமெரிக்க ஆற்று ஆய்வாளர்கள் லூனா லியோபோல்டும் கார்டன் வோல்மனும் 1960-ல் ஆறுகளை அளந்து எழுதினார்கள்: ஒரு முழு அலை, அதாவது ஒரு வளைவின் உச்சியிலிருந்து அதே பக்கத்து அடுத்த உச்சி வரை, ஆற்றின் அகலத்தைப் போல ஏறக்குறைய 10 முதல் 14 மடங்கு. உன் ஆறு 10 மீட்டர் அகலமென்றால் அலை 100 மீட்டருக்குக் குறையக்கூடாது. உன்னுடைய 380 மீட்டர் 'குழி'யில் (முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து பந்து விழுகிற பொந்து வரை உள்ள முழு நீளத்துக்கும் கோல்ஃபில் அதுதான் பேர்) மூன்று, மிஞ்சினால் மூன்றே முக்கால் அலை வரும். நீ ஏழு போட்டிருக்கிறாய், எண்ணினேன். எல்லாம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டாம். ஒன்று சோம்பலாக நீளட்டும், அடுத்தது வெடுக்கென்று திரும்பட்டும்.

தண்ணீர் மட்டம் மைதானம் முழுக்க ஒரே உயரம்தான் வருகிறது, மலையிலிருந்து இறங்குகிற ஓடை வைக்க முடியவில்லை என்று கேமைத் திட்டினாய். எதற்கு மலை? திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு ஊட்டியை வரைவானேன்? கடலோரச் சமவெளியில் ஆற்றுத் தண்ணீர் கண்ணுக்குச் சரிவே காட்டாது. கடல் ஏறினால் கழியில் தண்ணீர் திரும்பி மேலே ஓடும். உன் கேமுக்குத் தெரிந்த தண்ணீர் இது ஒன்றுதான் என்றால், அது நம்ம எண்ணூர்த் தண்ணீர். மலையை அழித்துவிட்டுக் கழியை வரை. கடலை நெருங்க நெருங்க அகலமாக்கு, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே சேற்றுத் திட்டு விடு, ஓரத்தில் அலையாத்திப் புதர். முகத்துவாரத்தில் குறுக்கே ஒரு மணல் நாக்கு. அச்சு அசலாக வேண்டுமென்றால், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மாதிரி கரைக்குச் சாம்பல் நிறமும் பூசலாம். மனசு வந்தால் செய்.

கரைப் புல்லிலும் கவனம் வை. 1992-ல் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள், 12-வது குழி, முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை. ஃப்ரெட் கப்பிள்ஸ் என்கிற ஆட்டக்காரர் அடித்த பந்து சரிவில் உருண்டு, தண்ணீருக்கு மேலே புல்லில் அப்படியே நின்றுவிட்டது. அந்த வருஷப் பட்டம் அவருக்கே. (யூட்யூபில் பார்த்தேன். உன்னால் இதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.) பந்து தண்ணீருக்குள் உருள வெளிக்கரைப் புல்லை ஒட்ட வெட்டு, பந்தைத் தாங்கிப் பிடிக்க உள்கரையில் கொஞ்சம் வளரவிடு. எந்தப் பக்கம் அடிப்பது என்று ஆடுகிறவன் யோசிக்கட்டும்.

சனிக்கிழமை விடியற்காலை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். தண்ணீர் வத்தின நேரமாகப் பார்த்து எண்ணூர்ப் பாலத்தில் நிற்போம். போனை எடுத்துக்கொள், கரையைப் படம் பிடிக்கலாம். திரும்பும்போது உங்கம்மாவுக்கு நண்டு வாங்க வேண்டும், பை எடுத்துவர மறக்காதே.

அன்புடன்,
சித்தப்பா